திருவனந்தபுரம் ஏர்போர்ட் பப்: ஆறாட்டு ராத்திரியில் ஒரு மக் பீர்

குமரி மாவட்டம் குழித்துறையிலிருந்து மஸ்கட் போய்வரத் தொடங்கி 22 வருஷம் ஆகிறது. ஏசி மெக்கானிக் வேலை. எங்கள் பக்கத்துக்கு விமானம் என்றால் திருவனந்தபுரம்தான். முன்னெல்லாம் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஒவ்வொரு முக்கிலும் வண்டி நின்று நின்று, போய்ச் சேர்வதற்குள் சட்டை நனைந்துவிடும். பாறசாலை பக்கம் காரோடு என்ற ஊரிலிருந்து பைபாஸ் வந்த பிறகு அந்தப் பாடு இல்லை. சீக்கிரம் வந்து சேர்ந்துவிடுகிறோம். உள்ளே காத்திருக்கும் நேரம்தான் கூடிவிட்டது.

இந்தத் தடவை அது ரொம்பவே கூடியது. நான் புறப்பட்ட நாள் பத்மநாப சுவாமி கோயிலின் ஐப்பசி ஆறாட்டு, அதாவது சாமியைக் கடலில் நீராட்டுகிற நாள். சாமி ஊர்வலம் விமான ஓடுபாதையைத் தாண்டித்தான் சங்குமுகம் கடலுக்குப் போகும். வருஷத்தில் 2 நாள், ஐப்பசியிலும் பங்குனியிலும், சாயங்காலம் சுமார் 5 மணி நேரம் விமானம் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. என் விமானத்தை 10.20-க்கு மாற்றியிருந்தார்கள். ஆனால் காரில் கொண்டுவிட வந்த மச்சினனுக்கு நைட் ஷிப்ட். 5 மணிக்கே இறக்கிவிட்டான். வீட்டுக்காரியும் மகளும் வாசலில் நின்று கை காட்டினார்கள். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் வந்த பிறகும் அவர்கள் அங்கேயே நிற்பது தெரிந்தது.

லக்கேஜ் போட்டு, இமிக்ரேஷன், செக்யூரிட்டி எல்லாம் முடிந்து பப்பில் போய் உட்காரும்போது மணி 8 தாண்டிவிட்டது. வீட்டில் நான் குடிப்பதில்லை. அம்மா இருக்கிற வீடு. மஸ்கட்டில் கேம்ப்பில் இறங்கிவிட்டால் மறுநாள் காலையே வேலை. இரண்டுக்கும் நடுவில், யாரும் என்னிடம் எதுவும் கேட்காத ஒரு மணி நேரம் இது. அதனால் இந்த இடம் எப்படி இருக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயம்.

முதலில் பீர். பாட்டில் வேண்டாம், குழாயில் பிடிக்கிறதே கொடுங்கள் என்றேன். குளிர்விக்கிற வேலையில் இருப்பவன் என்பதால் எனக்குக் கண் நுரையின் மேல்தான் போகும். உள்ளே பீப்பாய் 3, 4 டிகிரியில் இருக்க வேண்டும். பீப்பாயிலிருந்து குழாய் வரை வருகிற லைனும் அதே குளிர்ச்சியில் இருக்க வேண்டும். தூரம் அதிகம் என்றால் லைனோடு சேர்த்து கிளைகால் என்ற உறையாத குளிர் திரவத்தை ஓடவிடுவார்கள். வழியில் சூடு ஏறினால் பீரில் கரைந்திருக்கிற கார்பன் டை ஆக்சைடு பிரிந்துவிடும், மக்கில் பாதி நுரைதான் விழும். வேறொரு நாட்டில் விமானம் மாறும்போது ஒரு பப்பில் எனக்கு அப்படித்தான் வந்தது. மூன்று தடவை நுரையை வழித்துக் கொட்டிவிட்டு, முக்கால் மக்கைக் கொடுத்து முழுக் காசு வாங்கினார்கள். வாயில் வைத்தால் புளிப்பு வேறு. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது லைனைக் கழுவாவிட்டால் அந்த வாடை வரும்.

இங்கே பையன் மக்கைச் சாய்த்துப் பிடித்தான், கடைசியில் நிமிர்த்தினான். இரண்டு விரல் நுரை. அது கடைசி வாய் வரை மக்கின் சுவரில் வளையம் வளையமாக ஒட்டி நின்றது. எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ மிச்சமிருந்தால் நுரை அப்படி நிற்காது. மக்கை ஃப்ரீசரில் போட்டு ஐஸ் பிடிக்க வைக்கவும் இல்லை. பல இடங்களில் அதைப் பெருமையாகச் செய்கிறார்கள். நாக்கு மரத்துப்போய் ருசியே தெரியாது. இங்கே அந்த வேலையைத் தெரிந்தவர்கள் பின்னால் இருக்கிறார்கள். மனசுக்கு நிறைவாக இருந்தது.

விலை அதிகம். ஒரு மக் காசுக்கு ஊரில் இரண்டு பாட்டில் வாங்கலாம். உயர ஸ்டூல்களும் முதுகுவலிக்காரர்களுக்கு ஆகாது. சுவரோரம் நாலு சாதாரண நாற்காலி கிடக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தொட்டுக்க என்று கேட்டால் அங்கே ‘டச்சிங்ஸ்’ என்று சொல்ல வேண்டும். நெத்தோலி பொரித்ததும் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) வறுவலும் வாங்கினேன். நெத்தோலி பரவாயில்லை. மரச்சீனி அருமை: கனம் குறைவாகச் சீவி, உப்பும் மிளகாய்ப்பொடியும் சூட்டோடு தூவியது. கொண்டுவந்த பையன் என் பேச்சைக் கேட்டுவிட்டு, “அண்ணா குழித்துறையா? எனக்க அம்மைக்க ஊரு படந்தாலுமூடு” என்றான். ஓடுபாதைக் கதையையும் அவன்தான் சொன்னான். 1932-ல் விமானத்தளம் வந்தபோதே, வருஷத்தில் 363 நாள் மக்களுக்கு, 2 நாள் பத்மநாபனுக்கு என்று மகாராஜா சொல்லிவிட்டாராம். சொல்லிக்கொண்டே என் போர்டிங் பாஸை வாங்கிப் பார்த்து, பில்லின் பின்பக்கம் ‘போர்டிங் 9.35’ என்று பேனாவால் எழுதி என் முன்னால் வைத்தான். நான் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் வேறு எங்கேயும் எனக்கு யாரும் அப்படிச் செய்ததில்லை.

பக்கத்து மேசையில் ஒரு பையன் பீர் கேட்டான். பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, தர முடியாது என்றார்கள். வயசு 22. தமிழ்நாட்டில் 21 போதும், கேரளாவில் 23 ஆக வேண்டும். நம் பக்கத்திலிருந்து முதல் தடவை போகிற பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை. அவன் முகம் சுருங்கிவிட்டது. சத்தம் போடாமல், அவமானப்படுத்தாமல் சொன்னார்கள் என்பதையும் எழுத வேண்டும்.

“எங்க உள்ளவன் மக்கா?”

“கருங்கல் பக்கம், அண்ணே. மொதல்ல போறேன்.”

என் மேசைக்குக் கூப்பிட்டு ஒரு லைம் சோடா வாங்கிக் கொடுத்தேன். அவன் மரச்சீனியைத் தின்றுகொண்டே அம்மா அழுததைச் சொன்னான். நானும் முதல் தடவை போனதைச் சொன்னேன்.

இன்னொரு மக் எடுக்கட்டுமா என்று பப்பில் ஒரே ஒரு தடவைதான் கேட்டார்கள். வேண்டாம் என்றதும் விட்டுவிட்டார்கள். நான் எப்போதும் ஒன்றோடு நிறுத்துவேன். மேலே போனால் விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி மலையில் இருப்பதைப் போலத்தான். உடம்புக்குக் கிடைக்கிற ஆக்சிஜன் குறையும், காற்றும் வறண்டது. குடித்துவிட்டுத் தூங்கினால் தலைவலியோடுதான் இறங்க வேண்டும். தள்ளாடினால் ஏற்றவே மாட்டார்கள். உள்ளே போய் வாய்த்தகராறு செய்தாலே 3 மாதம் வரை பறக்கத் தடை, கை நீட்டினால் 6 மாதம் வரை என்று 2017-லேயே விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கிற டிஜிசிஏ விதி போட்டிருக்கிறது. விசாவை நம்பி வீடு ஓடுகிறவனுக்கு 3 மாதம் என்பது வேலையே போகிற காரியம்.

9 மணிக்கு மேல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. ஓடுபாதை திறந்து முதல் விமானம் எழும்பியிருந்தது. அதுவரை அங்கே எவ்வளவு அமைதி இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. 9.30-க்குப் படந்தாலுமூட்டுப் பேரன் வந்து, “அண்ணா, நேரமாச்சு” என்றான். மிச்சமிருந்த மரச்சீனியை ஒரு காகிதப் பையில் மடித்துக் கையில் கொடுத்தான்.

மஸ்கட்டில் இறங்கி, டாக்சியில் அதைப் பிரித்தேன். மொறுமொறுப்பு போகவில்லை.