மாவு ஃப்ரிட்ஜுக்குள் ஹீட்டர் வைக்கப்போகிறவர்கள் கவனத்துக்கு

ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம் பக்கம் யாராவது பழைய ஃப்ரிட்ஜில் ஹீட்டர் வைத்து மாவு புளிக்க வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால், மெக்கானிக்கை டிரில் மெஷினோடு வீட்டுக்குள் விடும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 7,300 ரூபாய் போனது. பணம் போனது கூடப் பரவாயில்லை, அடுப்படியோடு போகாமல் தப்பித்தோம்.

நான் உச்சிப்புளியில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். தினம் இருபது கிலோ. சித்திரை, வைகாசியில் ஐந்து மணி நேரத்தில் பொங்கி வழிந்து புளித்துப் போகும். மழைக்காலத்தில் நேர்மாறு. 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தையும் பாம்பனையும் மூழ்கடித்த மழை பெய்ததே, அந்த வாரம் முழுக்க மாவு வைத்த இடத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்தது. டீக்கடை அண்ணன் ஒரு இட்லியை எடுத்து வந்து காட்டினார். "எறிஞ்சா நாய் செத்துரும்மா" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

யோசனை சொன்னது நியூசிலாந்தில் இருக்கும் என் தம்பி. அங்கே வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றை வாங்கி, உள்ளே சின்ன ஹீட்டர் வைத்து, வெளியே ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர் மாட்டிவிடுவார்களாம். சூடு ஏறினால் ஃப்ரிட்ஜ் ஓடும், இறங்கினால் ஹீட்டர் எரியும். அவர்களுக்கு 18, 20 டிகிரி வேண்டும், நமக்கு 28 முதல் 30. நம் ஊரில் பீர் காய்ச்சினால் 1937-ம் வருடத்து மதுவிலக்குச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியதுதான். ஆனால் உள்ளே இருப்பது பீரா, உளுந்து மாவா என்று பெட்டிக்கு என்ன தெரியும்?

வீட்டில் 190 லிட்டர் சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ் ஒன்று சும்மா கிடந்தது. ராமநாதபுரத்தில் ஒரு மெக்கானிக்கைச் சொன்னார்கள். ஃபோனிலேயே எல்லாம் தெரிந்தவர் போலப் பேசினார். "ஃபேன் வச்ச பி.டி.சி. ஹீட்டர் போட்டுத் தர்றேன்க்கா, அதுவா சூட்டக் கட்டுப்படுத்திக்கும்." கன்ட்ரோலர், கூலி எல்லாம் சேர்த்து 4,800. பில் கேட்டதற்கு, சீட்டுக் கட்டில் ஒரு தாளைக் கிழித்து "ஃப்ரிட்ஜ் வேலை 4800" என்று எழுதிக் கொடுத்தார். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

வந்தவர் ஃப்ரிட்ஜைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கச் சுவரில், நடுவில், டிரில்லை வைத்து அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் புஸ்ஸ்ஸென்று ஒரு சத்தம், சைக்கிள் டியூபில் காற்று இறங்குவது போல. என்னண்ணே என்றேன். "உள்ள பஞ்சுல அடைஞ்ச காத்துக்கா" என்றார். நானும் தலையாட்டினேன். பக்கத்தில் அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

அந்தச் சத்தம் என்ன என்று மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. இப்போது வருகிற பல ஃப்ரிட்ஜ்களில் சூட்டை வெளியேற்றும் குழாய் பின்னால் கம்பிவலை போலத் தெரியாது, பக்கச் சுவருக்குள்ளேயே புதைத்திருப்பார்கள். அதைத்தான் அவர் ஓட்டை போட்டிருக்கிறார். பின்னால் ஸ்டிக்கரில் ஆர்600ஏ என்று அச்சடித்திருந்தது. ஃப்ரிட்ஜைக் குளிர வைக்க அந்தக் குழாயில் ஓடும் கேஸின் பெயர் அது. ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கிற வாயு. சமையல் கேஸுக்குச் சேர்ப்பது போல இதில் நாற்றம் சேர்ப்பதில்லை, கசிந்தால் மூக்குக்குத் தெரியாது. காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு படியும். இருப்பதே ஐம்பது கிராம் அளவுதான், ஜன்னலும் திறந்திருந்தது. சாம்பார் சாம்பாராகவே இறங்கியது.

மார்கழியில் ஃப்ரிட்ஜ் குளிர வேண்டிய வேலையே இல்லை, ஹீட்டர் மட்டும்தான் ஓடியது. அதனால் கேஸ் போனது எங்களுக்குத் தெரியவே இல்லை. மாவு அழகாகப் பொங்கியது. ஊரெல்லாம் அவரைப் புகழ்ந்து சொல்லி வைத்தேன், இரண்டு பேருக்கு நம்பரும் கொடுத்தேன். அந்த இரண்டு பேரிடமும் அப்புறம் மன்னிப்புக் கேட்டாயிற்று.

தை மாதம் ஒருநாள் விடியற்காலை நாலு மணிக்குக் கதவைத் திறந்தால் அனல் முகத்தில் அடித்தது. பிளாஸ்டிக் தீய்ந்த வாடை. சுவரை ஒட்டி வைத்திருந்த பாத்திரத்தில், ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மாவு இட்லியாகவே வெந்து கிடந்தது. கரண்டியால் தள்ளினால் துண்டு துண்டாக வந்தது. கன்ட்ரோலருக்குச் சூட்டை அளந்து சொல்லும் சென்சாரை மெக்கானிக் செல்லோ டேப்பில் ஒட்டியிருக்கிறார். மாவுப் பெட்டிக்குள் எப்போதும் ஈரம். டேப் விட்டு, சென்சார் அடியில் காய்கறி டப்பா வைக்கிற இடத்தில் விழுந்திருக்கிறது. சூடு மேலே ஏற, கீழே கிடந்த சென்சார் இன்னும் குளிர் என்றே சொல்லிக்கொண்டிருக்க, ஹீட்டர் விடிய விடிய அணையவே இல்லை. அவரைக் கூப்பிட்டால், "டேப் விட்டிருச்சு, அவ்ளோதான்க்கா" என்று புது டேப் ஒட்டிவிட்டுப் போனார்.

பங்குனியில் வெயில் ஏறியதும் ஃப்ரிட்ஜ் ஓடுகிறது, குளிரவில்லை. கேஸ் குறைந்துவிட்டது என்று 2,500 வாங்கிக்கொண்டு நிரப்பினார். நாலே நாள். திரும்பக் கூப்பிட்டால், "உள்ள ஹீட்டர் வச்சா கம்ப்ரஸர் போகத்தான் செய்யும், 6,500 ஆகும்" என்கிறார். வைத்ததே நீங்கள்தானே என்றால், கேட்டது நீங்கள்தானே என்கிறார்.

அதற்கு மேல்தான், பரமக்குடியில் ஐ.டி.ஐ.யில் ஏ.சி., ஃப்ரிட்ஜ் வேலை சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆன ஓர் அண்ணனை அழைத்து வந்தோம். ஹீட்டரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பி.டி.சி.யும் இல்லை, ஃபேனும் இல்லை. ரூம் ஹீட்டரில் வரும் ஸ்பிரிங் காயில், 500 வாட். தகடு எதுவும் வைக்காமல் பிளாஸ்டிக் சுவரில் நேராக ஸ்க்ரூ போட்டிருந்தது. பின்னால் இருந்த சுவர் பழுப்பேறி அப்பளம் போல உப்பியிருந்தது. சூடு மீறினால் கரண்டை வெட்டிவிடும் தெர்மல் ஃப்யூஸ் இல்லை. எர்த் வயர் இல்லை. ஈரமான பெட்டி, எவர்சில்வர் பாத்திரம், வெறுங்கையோடு நான்.

"இதுக்கு எதுக்கும்மா 500 வாட்" என்று அவர் ஒரு தாளில் கணக்குப் போட்டார். ஃப்ரிட்ஜ் சூட்டையும் வெளியே விடாது. 20 கிலோ மாவை 6 டிகிரி ஏற்ற 40 வாட் ஹீட்டருக்கு மூன்று மணி நேரமும் கொஞ்சமும் போதும். ராத்திரி முழுக்க நேரம் இருக்கும்போது என்ன அவசரம்?

அவர் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் வடிவதற்காக ஃப்ரிட்ஜின் உள்ளே பின்பக்கம் ஏற்கெனவே ஓர் ஓட்டை இருக்கிறது, வயரை அதன் வழியாகவே எடுத்தார். ஓட்டை போட்டே ஆக வேண்டும் என்றால், நல்ல நிலையில் உள்ள ஃப்ரிட்ஜை ஓடவிட்டு, பக்கச் சுவரில் திருநீற்றைத் தண்ணீரில் குழைத்துப் பூசச் சொன்னார். குழாய் போகும் தடம் சூட்டில் முதலில் காய்ந்து வெள்ளைக் கோடாகத் தெரியுமாம். அலுமினியத் தகட்டில் ஒட்டிய 40 வாட் சிலிக்கோன் ஹீட்டர், தெர்மல் ஃப்யூஸ், ஒரு கம்ப்யூட்டர் ஃபேன், எர்த் கனெக்ஷன் எல்லாம் போட்டார். சென்சாரைப் பாத்திரத்தின் வெளிப்பக்கத்தில் வைத்து ஸ்பாஞ்சால் மூடிக் கட்டியாயிற்று. காற்றின் சூடு நமக்கு எதற்கு, மாவின் சூடுதானே வேண்டும்? சுவருக்குள் ஓட்டையான குழாயை ஒட்ட முடியாது என்பதால் அதை விட்டுவிட்டு, சூட்டை வெளியேற்றும் கண்டன்சர் ஒன்றைப் பின்னால் வெளியே தெரிகிற மாதிரி மாட்டி, கேஸ் ஏற்ற 3,900 ஆனது. பாம்பன் பாலத்தையே அரிக்கிற உப்புக்காற்று, இந்தக் கம்பியை விடுமா? பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். கரண்ட் கசிந்தால் உடனே வெட்டிவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஸ்விட்சை மெயினில் போடச் சொல்லியிருக்கிறார், அதற்கு இந்த மாதம் பணம் இல்லை, அடுத்த மாதம்.

பழைய மெக்கானிக்கிடம் பணத்தைக் கேட்டேன். முதலில் சிரித்தார், பிறகு ஃபோன் எடுப்பதை நிறுத்தினார். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல் புகார் சொல்லி நம்பர் வாங்கிவிட்டேன். அடுத்து ராமநாதபுரம் நுகர்வோர் கமிஷன்தான். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. என்னிடம் உள்ள ஆதாரம் அந்தத் துண்டுச் சீட்டும், ஜிபேயில் பணம் அனுப்பிய விவரமும்தான். காயிலையும், வெட்டி எடுத்த உப்பிய பிளாஸ்டிக்கையும் மாவுச் சாக்கில் சுற்றிப் பரண் மேல் போட்டு வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் பழைய இரும்புக்காரனுக்குப் போடலாம் என்கிறார். கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.