பைபாஸுக்குப் பிறகு எடை நின்றுவிட்டதா? ‘பவுச் ரீசெட்’ விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

எடை குறைப்பதற்காக இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் காஸ்ட்ரிக் பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் அவர்கள் வீட்டில் இருப்பவர்களும் இதை முழுவதும் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எடை இறங்காமல் நின்றுபோகும் நேரத்தைக் குறிவைத்தே வியாபாரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் என்னிடம் பணம் பறித்தார். பணம் போனதைவிட உடம்பு பட்ட பாடுதான் பெரிது.

அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடம் தாண்டியிருந்தது. அதுவரை மாதாமாதம் இறங்கிக்கொண்டிருந்த எடை அப்படியே நின்றது. வாரக்கணக்கில் மெஷினில் அதே எண். ஆபரேஷனுக்கு முன்னால் “வாழ்நாள் முழுக்கக் கூடவே இருப்போம்” என்று சொன்ன மருத்துவமனையில், இப்போது போன் செய்தால் “அடுத்த விசிட்டில் பார்க்கலாம்” என்ற பதில்தான் வந்தது. இந்த இடைவெளியில்தான் ‘பேரியாட்ரிக் கோச்’, அதாவது எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்தவர்களுக்கு வழிகாட்டுகிறவர், என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்து சேர்ந்தார். விளம்பரத்தில் வெள்ளைக் கோட்டு, பேச்சில் மருத்துவ வார்த்தைகள். அவர் டாக்டரும் இல்லை, படித்த டயட்டீஷியனும் இல்லை என்பது வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது.

ஆபரேஷனில் இரைப்பையிலிருந்து பிரித்து உண்டாக்கும் சின்னப் பையைத்தான் பவுச் என்பார்கள். “உங்கள் பவுச் விரிந்துவிட்டது. இப்போதே ரீசெட் செய்யாவிட்டால் ஆபரேஷன் வீண், பழைய எடை முழுக்கத் திரும்பிவிடும்” என்றார். என்னை நேரில் பார்க்கவில்லை. ஒரு ரிப்போர்ட் கேட்கவில்லை. போனிலேயே தீர்ப்பு. வயிற்றை வெட்டிக்கொள்ளும் அளவுக்குத் துணிந்து வந்த ஒருவரிடம் ‘எல்லாம் வீண்’ என்று சொல்வது எவ்வளவு கொடுமை என்று அந்த ஆளுக்கு நன்றாகவே தெரியும். அந்த பயத்துக்குத்தான் விலை வைக்கிறார்கள்.

பேக்கேஜில் இருந்தவை இவை: சில நாள் தண்ணீர் போன்ற திரவ உணவு மட்டும், அப்புறம் அவர்களுடைய பவுடர், ‘டீடாக்ஸ்’ டீ, முடி கொட்டாமல் இருக்க மிட்டாய் போன்ற ஒரு கம்மி, ‘மூலிகை’ என்று எழுதிய கேப்ஸ்யூல். இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது அவர் சொன்ன அறிவுரை. “விட்டமின், கால்சியம் மாத்திரைகளை நிறுத்துங்கள், அவைதான் எடையைப் பிடித்து வைக்கின்றன. என் பவுடரிலேயே எல்லாம் இருக்கிறது” என்றார்.

பைபாஸ் செய்தவரிடம் இதைச் சொல்வது குற்றம் என்றே நான் நினைக்கிறேன். இந்த ஆபரேஷனில் இரைப்பையின் மேல்புறத்தில் ஏறத்தாழ 30 மில்லி கொள்ளும் சின்னப் பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலில் கொஞ்சம் கீழே தள்ளி இணைக்கிறார்கள். இரும்புச் சத்தும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படும் முன்பகுதிக் குடலை உணவு தொடுவதே இல்லை. பி12 உடம்பில் சேர்வதற்கு வேண்டிய அமிலமும் புரதக் காரணியும் இரைப்பையின் பெரிய பகுதியிலிருந்துதான் வர வேண்டும். அதைத் தாண்டித்தான் இப்போது உணவு போகிறது. அதனால்தான் பி12, கால்சியம், விட்டமின் டி, இரும்பு, மல்டிவிட்டமின் எல்லாம் நமக்கு ஆயுள் முழுக்க. கால்சியம் ஒரு நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம், அதுவும் அமிலம் குறைவாக இருந்தாலும் சேரும் சிட்ரேட் வகையாக இருந்தால் நல்லது. இரும்பு மாத்திரையையும் அதையும் சேர்த்து விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இதில் எதுவும் எடையைக் கூட்டாது.

முதல் சில நாளில் எடை இறங்கியது உண்மை. அவர் உடனே மெஷினின் படத்தைக் கேட்டு வாங்கி, அடுத்த வாடிக்கையாளருக்கு விளம்பரமாகப் போட்டுக்கொண்டார். இறங்கியது கொழுப்பு இல்லை. நம் ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து சேமிப்பு இருக்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சாப்பாட்டை நிறுத்தினால் சேமிப்பு கரையும், தண்ணீரும் கூடவே போகும். மறுபடி சாப்பிடத் தொடங்கினால் இரண்டும் திரும்பும். எந்தப் பட்டினித் திட்டத்திலும் முதல் வாரத்தில் இது நடக்கும்.

எடை திரும்பியதும் அவர் பேச்சு மாறியது. “நீங்கள் சரியாகப் பின்பற்றவில்லை” என்றார். அதற்கு மருந்து இன்னும் விலை கூடிய பேக்கேஜ். இறங்கினால் அவர் திறமை, ஏறினால் நம் குற்றம் என்ற இந்தக் கணக்கில் அவர் எப்போதும் ஜெயிப்பார்.

அப்புறம் உடம்பு காட்டத் தொடங்கியது. கேப்ஸ்யூல் எடுத்தால் நெஞ்சு படபடக்கும், இரவில் தூக்கம் இல்லை. டீ குடித்தால் பேதி. கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், எழுந்து நின்றால் கண் இருட்டும், பாதத்தில் மரத்துப்போன உணர்வு. இதையெல்லாம் சொன்னபோது “நச்சு வெளியேறுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்” என்றார்கள். யாராவது உங்களிடம் இந்த வாக்கியத்தைச் சொன்னால் அந்த நிமிடமே நிறுத்திவிடுங்கள்.

வேறொரு மருத்துவரிடம் போன பிறகுதான் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது, பி12 குறைந்திருந்தது, புரதமும் போதவில்லை. டீயில் இருந்தது சென்னா என்ற பேதி மருந்து. அது தண்ணீரையும் உப்புகளையும் வெளியேற்றுமே தவிரக் கொழுப்பைத் தொடாது. தைராய்டு பரிசோதனை குழப்பமாக வந்தது. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “முடிக்காக ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” கம்மியில், முடிக்கு நல்லது என்று விற்கும் பயோட்டின் என்ற விட்டமினின் அளவு மிக அதிகம். அதிக பயோட்டின் சில ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தவறாகக் காட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-லேயே எச்சரித்திருக்கிறது. தைராய்டு மட்டுமல்ல, மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையும் இதில் அடக்கம். கம்மியை நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தபோது தைராய்டு சரியாகவே இருந்தது.

கேப்ஸ்யூல் டப்பாவில் உள்ளே என்ன இருக்கிறது என்ற முழுப் பட்டியலே இல்லை. மூலிகை என்ற பெயரில் விற்கும் மெலிவு மாத்திரைகளில் சிபுட்ரமின் என்ற மருந்தை ஒளித்துக் கலப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத அபாயம் காரணமாக 2010-லேயே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. பட்டியல் இல்லாத எதையும் வாயில் போடாதீர்கள்.

கடைசியில் எண்டோஸ்கோபி செய்தார்கள். பவுச் அளவாக, நன்றாக இருந்தது. விரியவே இல்லை. போனில் சொன்ன அந்த ஒரே காரணம், எல்லாவற்றுக்கும் அடிப்படை, பொய்.

பவுச் காலப்போக்கில் கொஞ்சம் இளகி, முதல் மாதத்தைவிடச் சற்று அதிகம் சாப்பிட முடிவது இயல்பு. பவுச்சின் வாய் உண்மையிலேயே அகன்றிருந்தாலோ, பவுச்சுக்கும் பழைய இரைப்பைக்கும் நடுவே வழி உண்டாகியிருந்தாலோ அது எண்டோஸ்கோபியிலோ மருந்து குடித்து எடுக்கும் எக்ஸ்ரேயிலோதான் தெரியும். அதைச் சரி செய்வது மருத்துவர் வேலை. திரவ உணவு குடித்து யாரும் பவுச்சைச் சுருக்க முடியாது.

சரி, எடை ஏன் நின்றது? உடம்பு சிறியதானதால் அதற்கு வேண்டிய சக்தியும் குறைந்தது, அதுதான் முதல் காரணம். முன்பு சுமந்த கிலோக்களை இப்போது சுமப்பதில்லை, ஓய்வில் எரியும் கலோரியும் இறங்கிவிடுகிறது. தசை கரைந்திருந்தால் இன்னும் இறங்கும். ஆபரேஷன் ஆன இரண்டாம், மூன்றாம் வாரத்திலேயே பலருக்கு ஒரு நிறுத்தம் வரும். அது பெரும்பாலும் தண்ணீர்க் கணக்கு. ஒரு வருடத்துக்கு மேல் வருவது வேறு. ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்றில், பைபாஸ் செய்தவர்கள் ஒன்று முதல் இரண்டு வருடத்துக்குள் சராசரியாகத் தங்கள் எடையில் 32 சதவீதம் குறைந்து அடிமட்டத்தைத் தொட்டார்கள். பத்தாவது வருடத்தில் அது 25 சதவீதமாக இருந்தது. அதாவது எனக்கு நின்ற நேரம்தான் பெரும்பாலானவர்களுக்கும் நிற்கும் நேரம். இதை அந்த மருத்துவமனையில் யாராவது ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அந்தக் கோச்சுக்கு என் வீட்டில் வேலையே இருந்திருக்காது. இந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

புதிய மருத்துவரும் அவருடன் இருந்த டயட்டீஷியனும் செய்தது ஆரவாரமில்லாத வேலை. மாத்திரைகளை மறுபடி தொடங்கினார்கள், பி12 ஊசி போட்டார்கள். புரதம் ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் போகிறதா என்று எழுதிப் பார்க்கச் சொன்னார்கள். தசைக்கான எடைப் பயிற்சி. சாப்பாட்டு வேளைக்கு நடுவே கொறிப்பதையும், பவுச்சில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும் இனிப்புப் பானங்களையும் விசாரித்தார்கள். வேறு நோய்க்கு எடுக்கும் மருந்து ஏதாவது எடையைக் கூட்டுகிறதா என்று பட்டியல் கேட்டார்கள். ஸ்டீராய்டும் சில மனச்சோர்வு மருந்துகளும் அப்படிச் செய்யும். தேவைப்பட்டால் எடைக்கான ஊசி மருந்துகளும் உண்டு, ஆனால் அதை மருத்துவர் எழுதி, மருந்துக்கடையில்தான் வாங்க வேண்டும் என்றார்கள். அப்படிப்பட்ட ஊசி மருந்துகளில் ஒன்றான செமாகுளூடைட்டின் போலிகள் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024-ல் எச்சரிக்கையே விட்டது. எனக்கு ஊசி தேவைப்படவில்லை. எடை கொஞ்சம் இறங்கி இன்னொரு இடத்தில் நின்றிருக்கிறது; இடுப்பளவு அதைவிட நன்றாகக் குறைந்திருக்கிறது.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது, ‘முடிவுகள் ஆளுக்கு ஆள் மாறும்’ என்று ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார்கள். அப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். ரசீது, பேசிய செய்திகள், டப்பாக்கள் எல்லாம் வைத்திருந்ததால் புகார் கொடுக்க முடிந்தது. நீங்களும் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

இப்போது இப்படி ஒரு திட்டத்தில் இருப்பவர்களுக்கு அவசரமாக ஒன்று. விடாமல் வாந்தி வந்தாலோ, பல நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாலோ, அதோடு நடை தள்ளாடுவது, பார்வை இரட்டையாகத் தெரிவது, குழப்பமாகப் பேசுவது ஏதாவது இருந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். தயமின் என்ற பி1 சத்து உடம்பில் சில வாரத்துக்குத்தான் இருப்பு இருக்கும். அது தீர்ந்தால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். பைபாஸ் செய்திருக்கிறது என்பதை உள்ளே நுழைந்ததுமே சொல்லுங்கள். குளுக்கோஸ் டிரிப்ஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் கொடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். கூட வருகிறவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள், அந்த நேரத்தில் உங்களால் பேச முடியாமல் போகலாம்.