ஏ4 ஒளிப்பலகையும் பெக் பாரும்: ஓராண்டு அனிமேஷன் வகுப்புக்குப் பின் ஒரு மதிப்பீடு

வடிவமைப்புப் படிப்பில் அனிமேஷனை முதன்மைப் பாடமாக எடுத்த நாளிலிருந்து என் மேசையில் ஓர் எல்.இ.டி. ஒளிப்பலகை இருந்துவருகிறது; அடியிலிருந்து ஒளி பாய்ச்சி, கீழ்த்தாளின் கோடுகளை மேல்தாளில் தெரியவைக்கும் பலகை அது. ஏ4 தாள் அளவில், அரை சென்டிமீட்டர் தடிமனில், யூ.எஸ்.பி. கம்பியில் இயங்கும் வகை. இத்தகைய பலகைகள் பல பெயர்களில் ஏறத்தாழ ஒரே அமைப்போடு விற்கப்படுவதால், ஒரு நிறுவனத்தின் பொருள் என்று பாராமல் அந்த வகையைப் பற்றியே எழுதுகிறேன். துள்ளும் பந்து, நடைச் சுழற்சி, நீர்வண்ண ஓவியத் தொடர், நாற்பது விநாடிக் குறும்படம் என நான்கு வகுப்புப் பணிகளை இதன்மேல் செய்து முடித்திருக்கிறேன். வாங்கலாமா என்று கேட்கும் முதலாண்டு மாணவர்களிடம் வாங்கலாம் என்றே சொல்கிறேன். ஆனால் பெக் பார் (துளையிட்ட தாள்களை மாட்டி அசையாமல் நிறுத்தும் முளைப்பட்டை) இல்லாமல் வாங்க வேண்டாம், வாங்கிய பிறகு எந்நேரமும் எரியவிடவும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்கிறேன். இந்த இரண்டு நிபந்தனைகளும் எனக்குத் தொடக்கத்தில் தெரிந்திருந்தால் முதல் பருவத்தின் பாதி வேலையை மறுபடி செய்திருக்க வேண்டியதில்லை.

பலகையின் அமைப்பு எளிது. ஓரத்தில் வரிசையாகப் பதித்த சிறு விளக்குகளின் ஒளி அக்ரிலிக் தகட்டுக்குள் பக்கவாட்டில் பாய்கிறது. தகட்டின் அடியில் உள்ள நுண்ணிய புள்ளிகள் அதை மேல்நோக்கித் திருப்பிப் பரப்புகின்றன. பழைய குழல்விளக்குப் பெட்டிகளைப்போல இது சூடாவதில்லை. மூன்று மணிநேரம் வரைந்த பிறகும் உள்ளங்கை வியர்த்துத் தாள் நெளிந்ததில்லை. 75 அல்லது 80 ஜி.எஸ்.எம். எடையுள்ள சாதாரணத் தாளில் மூன்று தாள்கள் வரை அடியில் உள்ள பென்சில் கோடு தெளிவாகத் தெரிகிறது. நான்காவது தாளில் கோடு மங்கி, ஊகித்து வரையும் நிலை வந்துவிடுகிறது. வகுப்பு வேலைக்கு இது போதுமானது.

முதல் பணி துள்ளும் பந்து. திரைப்படத்தில் விநாடிக்கு 24 ஃப்ரேம்கள், அதாவது தனித்தனிப் படங்கள். ஒவ்வோர் ஓவியத்தையும் இரண்டு ஃப்ரேம்களுக்கு நிறுத்திவைத்தால் விநாடிக்கு 12 ஓவியங்கள் போதும். இரண்டு விநாடிக் காட்சிக்கு 24 தாள்கள்தானே என்று எண்ணி, தாள்களின் மூலைகளை ஒட்டுநாடாவால் பலகையில் ஒட்டி வரைந்தேன். ஒவ்வொரு தாளும் முந்தையதன்மேல் சரியாகப் பொருந்தியதாகவே கண்ணுக்குத் தெரிந்தது. படமெடுத்து ஓடவிட்டபோது பந்து துள்ளுவதற்குப் பதிலாக நடுங்கியது. தரைக்கோடுகூட மேலும் கீழுமாக அசைந்தது. தாள் ஒரு மில்லிமீட்டர் விலகினாலே திரையில் அது அசைவாகத் தெரியும் என்பதை அன்றுதான் என் வேலையிலேயே பார்த்தேன்.

இது அனிமேஷன் தொடங்கிய நாளிலிருந்தே இருந்துவரும் சிக்கல். அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் வின்சர் மெக்கே 1914இல் வெளியிட்ட டைனோசர் படத்துக்காக ஆயிரக்கணக்கான ஓவியங்களை மெல்லிய தாள்களில் வரைந்தபோது, மூலைகளில் குறிகள் இட்டுத்தான் தாள்களைப் பொருத்தினார். தாளில் துளையிட்டு முளைகளில் மாட்டும் முறையை அக்காலத்திலேயே கொண்டுவந்தவராக அனிமேஷன் கலைஞர் ராவுல் பாரே குறிப்பிடப்படுகிறார். எல்.இ.டி. பலகையைவிட அந்த முளைகள் பல பத்தாண்டுகள் மூத்தவை. அதனால்தான் ஒளிப்பலகையைத் தனியாக வாங்குவது பாதிப் பொருளை வாங்குவது என்கிறேன்.

பெக் பார் என்பது முளைகள் பதித்த ஒரு மெல்லிய பட்டை. இதில் கடைகளில் இரண்டு வகைகள் கிடைக்கின்றன. ஒன்று, இரண்டு வட்ட முளைகள் கொண்டது. 6 மில்லிமீட்டர் விட்டம், 80 மில்லிமீட்டர் இடைவெளி என்ற அலுவலகத் துளையிடும் கருவியின் அளவிலேயே இது செய்யப்படுவதால், தனியாகத் துளைக்கருவி எதுவும் வேண்டாம். மற்றொன்று ஆக்மே என்ற தொழில்முறை அளவு: நடுவில் ஒரு வட்ட முளை, அதற்கு இருபுறமும் நான்கு அங்குலத் தொலைவில் தட்டையான நீள்முளைகள். நடுமுளை தாளின் இடத்தை நிலைநிறுத்துகிறது. நீள்முளைகள் தாள் சுழலாமல் பிடித்துக்கொள்வதோடு, துளையின் விளிம்பில் விழும் இழுவையைப் பரவலாக்கித் தாள் கிழியாமலும் காக்கின்றன. நான் இரண்டையும் பயன்படுத்தினேன். வட்ட முளைகளில் ஒரே தாளை முப்பது, நாற்பது முறை கழற்றி மாட்டினால் துளைகள் தளர்ந்து மீண்டும் நடுக்கம் தலைகாட்டுகிறது. துளைகளைச் சுற்றி வளைய ஒட்டிகளை ஒட்டி ஓரளவு சமாளித்தேன். பந்துப் பயிற்சிக்கு வட்ட முளைகள் போதும். குறும்படத்துக்கு ஆக்மேதான் தாக்குப்பிடிக்கும்.

வாங்குவோர் கவனிக்க வேண்டிய ஓர் அளவுக் கணக்கும் உண்டு. ஆக்மே துளைகளின் வெளிவிளிம்புகளுக்கு இடையே ஏறத்தாழ எட்டரை அங்குலம், அதாவது 21.6 சென்டிமீட்டர் வருகிறது. ஏ4 தாளின் குறுகிய பக்கம் 21 சென்டிமீட்டர் மட்டுமே. எனவே தாளை நீளவாக்கில் கிடத்தி, 29.7 சென்டிமீட்டர் பக்கத்தில்தான் துளையிட முடியும். அப்படிக் கிடத்தினால் பட்டையே ஏ4 பலகையின் ஒளிரும் பரப்பில் ஒரு பகுதியை மறைத்துவிடுகிறது. என் குறும்படத்தின் பல ஓவியங்களில் பாதங்கள் ஒளியில்லாத விளிம்பில் வந்து விழுந்ததற்கு இதுவே காரணம்.

அடுத்து நடைச் சுழற்சி, அதாவது திரும்பத் திரும்ப ஓடவிட்டால் தொடர்ந்து நடப்பதுபோல் தெரியும் ஓவிய வரிசை. இந்தப் பலகையைப் பற்றிய என் கருத்தையே மாற்றிய பணி இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஓரடிக்கு 12 ஃப்ரேம்கள், இரண்டு அடிகள் சேர்ந்த ஒரு சுழற்சிக்கு 24 ஃப்ரேம்கள், அதாவது 12 ஓவியங்கள் என்பது பணி. கால் தரையைத் தொடும் நிலைகளை முதன்மை ஓவியங்களாக வரைந்து முளைகளில் மாட்டினேன். விளக்கைப் போட்டதும் இரண்டு நிலைகளும் ஒன்றாகத் தெரிந்தன. மேலே வெள்ளைத் தாளை வைத்து, இரு கோடுகளுக்கும் நட்டநடுவே மூன்றாவது கோட்டை இழுத்தேன். பன்னிரண்டு ஓவியங்களும் ஒரே மாலையில் முடிந்துவிட்டன. கோடுகள் சுத்தமாக இருந்தன, பொருத்தமும் பிசகவில்லை. ஆனால் திரையில் அந்த உருவம் நடக்கவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. கைகள் ஒவ்வொரு வீச்சிலும் குட்டையாகி நீண்டன.

ஆசிரியர் திரையை ஒரு முறைதான் பார்த்தார். பிறகு என் மேசைக்கு வந்து, “விளக்கை அணைச்சிட்டுத் தாளைப் புரட்டிக் காட்டும்மா” என்றார். எனக்குப் புரட்டத் தெரியவில்லை. விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருந்ததால், தாள்களின் விளிம்புகளை விரல்களுக்கு இடையே பிடித்து மாறிமாறிச் சரித்து அசைவைப் பார்க்கும் பழக்கமே எனக்கு ஏற்பட்டிருக்கவில்லை.

கை குட்டையானதற்கான காரணத்தை அவர் தாளின் ஓரத்தில் வரைந்து காட்டினார். முன்னால் 45 பாகை சாய்ந்த கையும் பின்னால் 45 பாகை சாய்ந்த கையும் இரு முதன்மை நிலைகள் என்றால், இரண்டு உள்ளங்கைகளையும் இணைக்கும் நேர்கோட்டின் நடுப்புள்ளி தோளிலிருந்து கையின் நீளத்தில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுத் தொலைவிலேயே இருக்கும். கை தோளை மையமாகக் கொண்டு வில்லாகச் சுழல்கிறது; நடுநிலை ஓவியம் அந்த வில்லின்மேல் இருக்க வேண்டும், நேர்கோட்டின்மேல் அல்ல. கால்களிலும் இதே பிழை நடந்திருந்தது. ஒரு கால் தரையில் ஊன்றி நிமிர்ந்து நிற்க, மற்றொன்று அதைக் கடந்து போகும் நிலையில் இடுப்பு உயர வேண்டும். நான் இரு கோடுகளுக்கும் நடுவே வரைந்ததால் இடுப்பு ஒரே உயரத்தில் நின்றுவிட்டது. அந்த ஏற்ற இறக்கம் இல்லாததால் உடலின் எடையே தெரியவில்லை.

ஒளிப்பலகை தவறு செய்யவில்லை. அது இரண்டு கோடுகளையும் உள்ளபடியே காட்டியது; காட்டப்பட்ட கோடுகளுக்கு நடுவே போக என் கை பழகிக்கொண்டது. கணினி மென்பொருள்களில் முன்பின் ஓவியங்களை மங்கலாகக் காட்டும் ஆனியன் ஸ்கின் வசதியிலும் இதே ஆபத்து இருக்கிறது. கிரீட்டா என்ற கட்டற்ற மென்பொருளில் முந்தைய ஓவியத்தை ஒரு நிறத்திலும் அடுத்ததை வேறொரு நிறத்திலும் காட்டும் ஏற்பாடு மிக நன்றாக இருக்கிறது. அந்த நிறப் பிரிப்பு எனக்கு ஒளிப்பலகையில் கிடைக்காத ஒன்று. ஆனாலும் வண்ணக் கோடுகளுக்கு நடுவே வரையும் பழக்கத்தை அதுவும் தடுத்துவிடாது.

அதன்பிறகு வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் விளக்கை அணைத்து, தாள்களைப் புரட்டியபடியே இடைநிலை ஓவியத்தைக் கரடுமுரடாக வரைகிறேன். கை போகும் வில்லைச் சிறு புள்ளிகளாகக் குறித்துக்கொள்கிறேன். அசைவு சரியாக வந்த பிறகே விளக்கைப் போட்டு, நீளங்களையும் பருமனையும் சரிபார்க்கிறேன். அந்த இரண்டாம் கட்டத்தில் பலகைக்கு ஈடாக எதுவும் இல்லை. புதிய தாளை முளையிலேயே விட்டுவிட்டு, அடியில் உள்ள முதன்மை ஓவியத்தைக் கழற்றி, அதன் தோள் புதிய தாளின் தோளோடும் அதன் கை புதிய கையின் சாய்வோடும் பொருந்துமாறு நகர்த்தி வைத்து அந்த நீளத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இதற்கு அடியிலிருந்து வரும் ஒளி கட்டாயம் வேண்டும். இப்படி இரண்டாவது முறை வரைந்த நடை மூன்று நாள்கள் எடுத்தது, ஆனால் அந்த உருவத்துக்கு எடை இருந்தது.

புரட்டிப் பார்க்க வேண்டும் என்றால் பெக் பார் பலகையின் கீழ்விளிம்பில், வரைபவரின் பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் தாள்களின் மேல்விளிம்புகள் கட்டற்று நிற்கும். நான் தொடக்கத்தில் மேல்விளிம்பில் ஒட்டியிருந்தேன். கீழே மாற்றியதும் முதல் வாரம் முளைகள் மணிக்கட்டில் இடித்தன, பிறகு பழகிவிட்டது.

ஓவிய வகுப்பில் இதன் பயன் வேறு விதமானது. மெல்லிய தாளில் திருத்தித் திருத்தி முடித்த அமைப்பை நீர்வண்ணத் தாளுக்கு மாற்ற வேண்டியிருந்தது. 300 ஜி.எஸ்.எம். தாளின் வழியே பென்சில் கோடு தெரியவில்லை. அதையே கறுப்பு மையால் அழுத்தமாக வரைந்து, அறையை இருட்டாக்கி, வெளிச்சத்தை முழுமையாகக் கூட்டியபோது வேலைக்குப் போதுமான அளவு தெரிந்தது. நிறத் தாள்களுக்கு இது உதவாது.

குறும்படத்துக்கு வருகிறேன். நாற்பது விநாடிகளுக்கு விநாடிக்கு 12 வீதம் 480 ஓவியங்கள் வேண்டும். பாத்திரம் அசையாமல் நிற்கும் இடங்களை எக்ஸ்போஷர் ஷீட்டில் (எந்த ஓவியம் எத்தனை ஃப்ரேம் நிற்கும் என்று குறிக்கும் அட்டவணையில்) முன்கூட்டியே திட்டமிட்டதால் ஏறத்தாழ 300 ஓவியங்களில் முடித்தேன். இதில் இரண்டு செய்திகள் பிறருக்குப் பயன்படும். முதலாவது, ஓவியங்களைப் பலகையின்மேல் வைத்தே கைபேசியால் படமெடுத்தபோது படங்களின் குறுக்கே கருமையான பட்டைகள் விழுந்தன. வெளிச்சத்தைக் குறைத்து வைக்கும்போது பல பலகைகள் விளக்குகளை மிக விரைவாக அணைத்து ஏற்றுகின்றன. கண் அதை உணர்வதில்லை, கேமரா பதிவு செய்துவிடுகிறது. முழு வெளிச்சத்தில் வைத்ததும் பட்டைகள் மறைந்தன. இரண்டாவது, இறுதிப் பதிவுக்கு ஸ்கேனரே மேல். இரண்டாவது பெக் பார் ஒன்றை ஸ்கேனர் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிவிட்டால், பலகையில் கிடைத்த அதே பொருத்தம் கோப்பிலும் கிடைக்கிறது. மூடி முழுவதும் மூடாது என்பதால் தாளின்மேல் ஒரு வெள்ளை அட்டையை வைத்துக்கொள்ள வேண்டும்.

குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. மேற்பரப்பு மிக மென்மையானது. ஒரு முறை அதன்மேல் தாளை வைத்துக் கத்தியால் வெட்டிவிட்டேன், அந்தக் கீறல் இன்றுவரை ஒளிக்கோடாகத் தெரிகிறது. தொடுபொத்தான் மூலையில் இருப்பதால் மணிக்கட்டு பட்டு வெளிச்சம் மாறிக்கொண்டே இருந்தது. அதன்மேல் தடித்த அட்டையை ஒட்டித்தான் நிறுத்தினேன். ஏழாம் மாதத்தில் யூ.எஸ்.பி. கம்பி செருகும் துளை தளர்ந்து, கம்பியை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பிடித்தால்தான் விளக்கு எரியும் நிலை வந்தது. படம் ஒப்படைக்க ஒன்பது நாள்கள் இருந்தபோது இது நடந்தது; அந்த நாள்களின் பதற்றத்தை என்னால் மறக்க முடியவில்லை. அதன்பின் கம்பியைப் பலகையின் ஓரத்தோடு நாடாவால் கட்டிவைக்கிறேன், நாள்தோறும் கழற்றுவதில்லை.

எனக்கு மிகவும் வருத்தமளிக்கும் குறை, இது சுழலாது என்பது. அனிமேஷன் மேசைகளில் உள்ள வட்டத்தட்டைத் திருப்பி, கை இயல்பாக வளையும் திசைக்குக் கோட்டைக் கொண்டுவர முடியும். இங்கே முழுப் பலகையையும் திருப்ப வேண்டும், கம்பி தடுக்கும். பலகை மேசைமேல் தட்டையாகக் கிடப்பதால் குனிந்தே வரைய நேர்ந்து, கழுத்தும் முதுகும் வலிக்கத் தொடங்கின. பின்பக்கம் தடித்த இரண்டு புத்தகங்களைக் கொடுத்துச் சாய்வாக வைத்த பிறகு வலி குறைந்தது. சாய்வுத் தாங்கியோடு வரும் பலகைகளும் இருக்கின்றன, முடிந்தால் அவற்றையே தேர்ந்தெடுக்கலாம்.

மீண்டும் வாங்குவதாக இருந்தால் ஏ4 வேண்டாம், ஏ3 அளவையே வாங்குவேன். ஆக்மே பட்டையை ஒட்டிய பிறகும் ஏ4 தாள் முழுவதும் ஒளிக்குள் இருக்கும். அடியில் உள்ள தாளைக் கழற்றி நகர்த்தவும் இடம் கிடைக்கும். பையில் எடுத்துச் செல்ல வசதி குறையும் என்பது உண்மை. ஓவிய வகுப்புக்கு மட்டும் வேண்டுமென்றால் ஏ4 தாராளமாகப் போதும், பெக் பாரும் தேவையில்லை. அனிமேஷனுக்கு என்றால் பெரிய பலகை, ஆக்மே பட்டைகள் இரண்டு, துளையிட்ட தாள்கள் ஆகியவற்றை ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்வதே நல்லது. ஆக்மே துளைக்கருவி விலை மிகுந்தது என்பதால், வகுப்புக்குப் பொதுவாக ஒன்று இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.