மெலட்டூர் பாகவத மேளா: குடும்பத்தோடு 15 முறை விடிய விடிய உட்கார்ந்த அனுபவம்

கோடை லீவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து தஞ்சாவூர் வந்து இறங்கியதும் என் அக்கா பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, "மாமா, இந்த வருஷம் நரசிம்மர் என்னைக்கு?" என்பதுதான். நரசிம்ம ஜெயந்தி பெரும்பாலும் மே மாதத்தில் வரும். அந்த இரவில் மெலட்டூரில் பிரகலாத சரித்திரம் நாடகம் நடக்கும். பாட்டும் ஆட்டமும் வசனமும் கலந்த இந்தக் கோயில் நாடக மரபுக்குத்தான் பாகவத மேளா என்று பெயர். 2008இலிருந்து 2025 வரை, மகள் பிறந்த 2010ஐயும் கொரோனா கால 2020, 2021ஐயும் விட்டுவிட்டால், ஒரு வருடமும் தவறவில்லை. மொத்தம் 15 இரவுகள். புதிதாகப் போக நினைக்கும் குடும்பங்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: போனால் தொடக்கத்திலிருந்து விடியும் வரை இருங்கள். நரசிம்மர் வரும் நேரத்துக்கு மட்டும் போய் எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்புவது வேண்டாம். ஒரு வருடம் நான் அப்படிச் செய்தேன், அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம். தஞ்சாவூரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். வெண்ணாறு, வெட்டாறு பாயும் பகுதி. நாயக்க மன்னர் அச்சுதப்பர் 510 குடும்பங்களுக்கு வீடும் கிணறும் நிலமும் கொடுத்துக் குடியமர்த்திய ஊர் என்பார்கள். அவர் பெயரால் அச்சுதபுரம், அச்சுதாப்தி என்றெல்லாம் இதற்குப் பழைய பெயர்கள் உண்டு. இங்கே ஆடப்படும் நாடகங்களை எழுதியவர் இந்த ஊர்க்காரரான வேங்கடராம சாஸ்திரி, தியாகராஜருக்கு மூத்த சமகாலத்தவர். பிரகலாத சரித்திரம், உஷா பரிணயம், ருக்மாங்கத சரித்திரம், அரிச்சந்திரா, மார்க்கண்டேய சரித்திரம் என்று பல நாடகங்கள். எல்லாம் தெலுங்கில்.

இந்தத் தெலுங்கை நினைத்துத்தான் நிறையப் பேர் தயங்குகிறார்கள். தஞ்சை நாயக்கர்களின் அரசவை மொழி தெலுங்கு. அவர்களுக்குப் பின் வந்த மராட்டியர் காலத்திலும் பாட்டுக்கும் நாடகத்துக்கும் அதுவே நிலைத்தது. தியாகராஜர் பக்கத்தில் திருவையாற்றில் உட்கார்ந்துகொண்டு தெலுங்கில் பாடியதற்கும் இதுதான் பின்னணி. எங்கள் வீட்டில் யாருக்கும் தெலுங்கு தெரியாது. ஆனால் கதை எல்லோருக்கும் தெரியும். வேனில் போகும்போதே அம்மா பிள்ளைகளுக்கு முழுக் கதையையும் ஒருமுறை சொல்லிவிடுவார். அப்புறம் அந்த மொழி ஒரு தடையாகவே இருப்பதில்லை. சிறுவர்கள் வசனத்தை விட்டுவிட்டு முகத்தையும் கையையும் பார்க்கிறார்கள், அதுவே போதுமானதாக இருக்கிறது.

என்னை முதலில் அழைத்துப் போனவர் மாமனார். கல்யாணமான புதிது. "மாப்பிள்ளை, ராத்திரி பூரா கண் முழிப்பீங்களா? நடுவுல எழுந்து போறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்றார். சரி மாமா, முழிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கோயில் முன்னால் தெருவிலேயே பந்தல். ஒரு பக்கம் மேடை, எதிர்ப்பக்கம் பெருமாள், நடுவில் நாங்கள். மேடையில் ஆடுகிறவர்கள் நம்மைத் தாண்டி அவரைப் பார்த்து ஆடுகிறார்கள். அங்கே உட்கார்ந்ததும் சபாக்களில் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் மனநிலை போய்விட்டது. ஆட்டம் பெருமாளுக்கு, அதைப் பார்க்க நமக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். இங்கே டிக்கெட்டும் கிடையாது.

முதலில் கோணங்கி வருவான். நீளக் குல்லாய் போட்டுக்கொண்டு துள்ளித் துள்ளி ஆடுகிற அவனைப் பார்த்துத்தான் பிள்ளைகள் மேடையோடு ஒட்டிக்கொள்கிறார்கள். அடுத்து பிள்ளையார். யானை முகம் அணிந்து ஆடுவது ஒரு சின்னப் பையன். மாமனார் அந்த நேரத்தில் மட்டும் ஜமுக்காளத்தைவிட்டு எழுந்து நின்று கும்பிடுவார். பிறகு கட்டியக்காரன் வந்து அரசன் வருகிறான் என்று அறிவிப்பான். திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அதற்குப் பின்னால் சலங்கைச் சத்தம் கேட்கும். பாத்திரம் மேடைக்கு வரும்போது பாடுகிற பாட்டான பாத்திரப் பிரவேச தரு பாடப்பாட, திரைக்கு மேலே கிரீடம் தெரியும், கீழே கால் தெரியும், முகம் மட்டும் தெரியாது. இரணியன் முழுதாக வெளியே வர நெடுநேரம் பிடிக்கும். முதல் வருடம் இந்த இழுவை எனக்குப் பொறுக்கவில்லை. இப்போது நான் மிகவும் காத்திருப்பது இந்த இடத்துக்குத்தான். ஒரு மனிதன் தன்னைத்தானே எவ்வளவு பெரியவனாக நினைத்துக்கொள்கிறான் என்பதை அந்த நடையிலேயே காட்டிவிடுகிறார்கள்.

2012இல் வேலை முடியாமல் வீட்டார் முன்னால் போய்விட்டார்கள். நான் பின்னிரவு மூன்று மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். நரசிம்மர் வந்தார், தெருவே எழுந்து நின்றது, மேளம் இடித்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சத்தமும் கூட்டமும்தான் தெரிந்தது. பக்கத்தில் மனைவி கைகூப்பி அழுதுகொண்டிருந்தாள். காலையில் காபி குடிக்கும்போது யோசித்தேன். அவளுக்குப் பின்னால் ஆறு மணி நேரம் இருந்தது. பிள்ளையை மிரட்டி, கெஞ்சி, மல்லர்களை ஏவி, பாம்பாட்டியை வரவழைத்து, ஒவ்வொன்றும் பலிக்காமல் இரணியன் சினம் ஏறிக்கொண்டே போனதை அவள் பார்த்திருக்கிறாள். நான் கடைசிப் பக்கத்தை மட்டும் பிரித்துப் படித்தவன். அதற்கப்புறம் தாமதமாகப் போனதே இல்லை.

நரசிம்மர் முகத்தைப் பற்றித் தெரிந்துகொண்டு போவது நல்லது. அது வெறும் வேஷப் பொருள் கிடையாது. கோயிலில் வைத்துப் பூஜை செய்யப்படும் முகம். அதை அணிகிறவர் அன்று உபவாசம் இருக்கிறார். அணிந்ததும் ஆவேசம் வந்துவிடும், நாலைந்து பேர் சேர்ந்து அவரைப் பிடித்துக்கொள்வார்கள். இரணியனை மடியில் போட்டுக் கிழிப்பதை ஆடிக் காட்டுவதில்லை. எதிரே நிற்கிறவருக்கு ஆபத்து என்பதால் இருவரையும் விலக்கியே வைக்கிறார்கள். இரணியனும் சிங்கமும் நேருக்கு நேர் நின்று வாதம் செய்வதுதான் உச்சம். பயந்த சுபாவமுள்ள குழந்தைகளை அந்த நேரத்தில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். முன்வரிசை வேண்டாம்.

என் மகளை முதன்முதலில் 2014இல் அழைத்துப் போனேன், நான்கு வயது. பிள்ளையார் வந்து போனதும் தூங்கிவிட்டாள், நரசிம்மர் வந்தபோதும் எழவில்லை. அடுத்த இரண்டு வருடமும் அதே கதை. எழுப்பாதீர்கள் என்று மாமனார் சொல்லிவிட்டார். அது சரியான யோசனை என்று இப்போது நினைக்கிறேன். தூக்கத்தில் காதில் விழுந்த தருக்களை அவள் பிறகு வீட்டில் முனகிக்கொண்டிருந்தாள். ஏழு வயதில் முழு இரவும் விழித்திருந்தாள். விடிந்ததும் வேஷம் கலைத்துக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்துவிட்டு ஓடி வந்து, "அப்பா, லீலாவதி ஒரு அங்கிள்ப்பா!" என்றாள். பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்பதுதான் இங்கே மரபு. பிரகலாதனின் தாயாக வருகிற அந்த லீலாவதி, புருஷனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மன்றாடும் இடத்தில் அம்மா ஒவ்வொரு வருடமும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஆடுவது ஆண் என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். "அந்தப் பொண்ணு என்ன பாடு படுறா பாரு" என்றுதான் சொல்வார்.

நடிப்பவர்களில் பலர் வெளியூர்களில் வேறு வேலை பார்ப்பவர்கள். லீவு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து ஒத்திகை பார்த்து ஆடுகிறார்கள். அப்பா ஆடிய வேடத்தை மகன் ஆடுவதும் உண்டு. பிரகலாதனாக வந்த பையன் சில வருடங்கள் கழித்து வேறு வேடத்தில் வருவதைப் பார்ப்பது, தொடர்ந்து போகிறவர்களுக்கு மட்டும் கிடைக்கும் சந்தோஷம். ஒருகாலத்தில் இது சாலியமங்கலம், ஊத்துக்காடு, சூலமங்கலம், நல்லூர், தேப்பெருமாநல்லூர் என்று பல ஊர்களில் இருந்த கலை. மெலட்டூரிலேயே நலிந்துபோயிருந்த காலம் உண்டு. அதை வெளியுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் முக்கியமானவர். இப்போது ஊரில் இரண்டு குழுக்கள் ஆடுகின்றன. அதனால் எந்த நாளில் எந்த நாடகம், எந்த இடத்தில் என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு மிகவும் சிரமம் தந்தது பயணம்தான். நள்ளிரவுக்கு மேல் பஸ்ஸை நம்ப முடியாது. ஒரு வருடம் வாடகை வேன் பேசிப் போனோம். காலை வரை இருப்பதாக ஒப்புக்கொண்ட டிரைவர், இரவு ஒரு மணிக்கு வேறு சவாரி என்று கிளம்பிவிட்டார். நாங்கள் எட்டுப் பேர், இரண்டு குழந்தைகள் வேறு. வேனை நினைத்து நாடகத்தில் மனம் போகவே இல்லை. கடைசியில் விடிந்ததும் பால் வண்டிக்காரர் ஒருவர் பெரியவர்களை மட்டும் பஸ் நிறுத்தம் வரை ஏற்றிக்கொண்டு போனார். அதிலிருந்து காலை ஏழு மணி வரை நிற்பதற்கும் சேர்த்தே வாடகை பேசுகிறோம், பாதிப் பணம் விடிந்த பிறகுதான்.

இன்னொரு வருடம் கோடை மழை. இடியோடு கொட்டியதில் மிருதங்கத்தை வேட்டியால் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். நாங்கள் ஒரு வீட்டுத் திண்ணையில் ஏறிக்கொண்டோம். அந்த வீட்டு அம்மா பிள்ளைகளுக்குத் தலை துவட்டத் துண்டும் குடிக்கப் பாலும் கொடுத்தார்கள். மழை விட்டதும் தண்ணீரைத் தள்ளிவிட்டு, விட்ட அதே தருவிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். கூட்டம் பாதியாகியிருந்தது. நான் பார்த்த இரவுகளில் மிக அருமையான இரவு அதுதான்.

எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது செல்போன் வெளிச்சம். முன்னெல்லாம் இல்லை. நரசிம்மர் வரும் நேரத்தில் முன்னால் இருக்கிறவர்கள் அத்தனை பேரும் கையைத் தூக்கிவிடுகிறார்கள். தரையில் உட்கார்ந்திருக்கும் வயதானவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. தயவுசெய்து அந்தக் கொஞ்ச நேரம் போனைப் பைக்குள் வையுங்கள்.

நாங்கள் கொண்டுபோகிறவை: கனத்த ஜமுக்காளம், இரண்டு தலையணை, ஓடோமாஸ், விசிறி, தண்ணீர் நிறைய. புளியோதரை, தயிர்சாதம். பிள்ளைகளுக்குப் பால் பிளாஸ்கில். மே மாதத்தில் நடு இரவிலும் புழுங்கும், விடியற்காலையில் லேசாகக் குளிரும், மெல்லிய போர்வை வேண்டும். தெருதான் அரங்கம் என்பதால் கழிப்பறை வசதியை அரங்கம் மாதிரி எதிர்பார்க்க முடியாது. பெண்களையும் வயதானவர்களையும் அழைத்துப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். உள்ளூரில் தெரிந்த வீடு ஒன்று இருந்தால் பெரிய நிம்மதி, எங்களுக்கு அந்தத் திண்ணை வீட்டாரே இப்போது உறவு மாதிரி ஆகிவிட்டார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஓரமாக நாற்காலி போட்டுக்கொள்ளலாம், நடுவில் போட்டால் பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும். காலையில் அப்படியே பக்கத்தில் திருக்கருகாவூர் போய்க் கர்ப்பரட்சாம்பிகையைத் தரிசித்துவிட்டு வீடு திரும்புவோம்.

பிரகலாத சரித்திரத்தோடு முடித்துக்கொள்ளாமல் அடுத்த நாட்களில் வேறு நாடகமும் பாருங்கள். அரிச்சந்திராவை இரண்டு முறை பார்த்திருக்கிறோம். அதற்குக் கூட்டம் குறைவு, முன்னால் உட்கார இடம் கிடைக்கும், முகபாவம் நன்றாகத் தெரியும். சிங்கத்துக்காகவே வருகிற சின்னப் பிள்ளைகளுக்கு அது கொஞ்சம் கனமாக இருக்கும். பத்து வயதுக்கு மேல் என்றால் பயமில்லாமல் அழைத்துப் போகலாம்.

மாமனார் 2019இல் தவறிவிட்டார். மீண்டும் நாங்கள் போக முடிந்த 2022இல், பிள்ளையார் வேஷம் வந்தபோது யாரும் சொல்லாமலே என் மகள் ஜமுக்காளத்தைவிட்டு எழுந்து நின்று கும்பிட்டாள். இப்போது தலையணைகளை அவள்தான் எண்ணி எடுத்து வைக்கிறாள். அம்மாவுக்கு 76 வயதாகிறது. சித்திரை பிறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, போன் செய்து, "வேனுக்குச் சொல்லியாச்சாடா?" என்று கேட்டுவிட்டார்.