சொல் மட்டையா, மடி வாசிப்பா?

மூத்த மகளுக்கு வாசிப்புப் பழக்க, ஒன்றரை வயதிலிருந்தே சொல் மட்டைகளை, அதாவது ஒவ்வொரு சொல்லாக எழுதிய அட்டைகளை, காட்டினோம். இளையவனை மடியில் இருத்திக் கதைப் புத்தகங்களை வாசித்துக் காட்டினோம். மூன்று வயதில் ஏடு தொடக்கிய பிறகே எழுத்துகளுக்குப் போனோம். இலங்கையின் வடக்கே விசுவமடுவில் ஒரே வீட்டில் இரண்டு வழிகளையும் நடத்திப் பார்த்தவள் என்ற வகையில், இரண்டாவதையே நான் விரும்புகிறேன்.

மட்டை முறை அமெரிக்கரான கிளென் டோமன் 1964 இல் பரப்பியது: பெரிய சிவப்பு எழுத்தில் ஒரு முழுச்சொல்லை எழுதி, நொடிப்பொழுது காட்டி, உரக்கச் சொல்ல வேண்டும். பலன் உடனே தெரியும். மகள் இரண்டு வயதில் இருபது மட்டைகளுக்கு மேல் சொன்னாள், அம்மம்மா பூரித்துப்போனார். 'பால்' மட்டையின் மூலையில் மஞ்சள் கறை இருந்தது. அது கிழிந்து போக, அதே சொல்லைப் புதிய மட்டையில் எழுதிக் காட்டினேன், பேசாமல் இருந்தாள். 'மாடி' என்று எழுதினால் 'மாடு' என்றாள்.

வாசிப்புப் பழக்கும் கைபேசிக் காணொளிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வயதுக்கு முன் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் அறிவுறுத்தியது. 9 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு வாசிப்புக் காணொளிகளையும் மட்டைகளையும் ஏழு மாதம் கொடுத்துப் பார்த்து 2014 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், குழந்தைகள் வாசிக்கக் கற்கவில்லை. ஆனால் கற்கிறார்கள் என்று பெற்றோர் உறுதியாக நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் நானும் இருந்திருக்கிறேன்.

எனக்கு முடிவைத் தந்தது ஒரே கேள்விதான்: முன்பு காணாத சொல்லைப் பிள்ளை தானாக வாசிக்குமா? ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, ஒலி வேறு என்று பல சொற்கள் இருப்பதால், முழுச்சொல்லாகப் பழக்குவதற்கு அங்கே ஓரளவு நியாயம் உண்டு. தமிழில் 247 எழுத்துகள் என்று மலைத்தாலும், உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என்ற 31 எழுத்துகளும் அவற்றோடு சேரும் குறிகளும் பிடிபட்டால், அநேகமாக எந்தச் சொல்லையும் கூட்டி வாசித்துவிடலாம். இடறும் இடங்கள் உண்டு: 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் குறி முன்னே நிற்கிறது, ஒலியோ பின்னே வருகிறது. மகனுக்கு இது மட்டும் மூன்று கிழமை எடுத்தது. முற்றத்து மணலில் நாள்தோறும் எழுதினோம்.

மடி வாசிப்பின் இன்னொரு பயனை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. நாங்கள் வீட்டில் 'அவன் வந்தவன்' என்போம், புத்தகத்தில் 'அவன் வந்தான்' என்றிருக்கும். அந்த நடையை இரண்டு ஆண்டுகள் காதால் கேட்டிருந்தபடியால், எழுத்தில் கண்டபோது மகனுக்கு அது அந்நியமாக இருக்கவில்லை.

மட்டைகள் மகளுக்குக் கேடு செய்தன என்று சொல்ல மாட்டேன்; முதலாம் தரத்தில் எழுத்துகளைப் படித்த பின் அவளும் நன்றாகவே வாசிக்கிறாள். இரண்டு பிள்ளைகளின் இயல்பும் வேறு என்பதால், வித்தியாசம் முழுவதும் முறையால் வந்தது என்றும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

சென்ற மாதம் தரிப்பிடத்தில் நின்றபோது, நாலரை வயது மகன் பேருந்துப் பலகையில் 'பரந்தன்' என்பதை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தான். புள்ளியைத் தவிரக் குறி ஒன்றும் இல்லாத சொல் அது. பக்கத்தில் இருந்த 'முல்லைத்தீவு' என்பதில் 'லை' வந்ததும் நின்றுவிட்டான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பேருந்து புறப்பட்ட பிறகுதான், என் கையைப் பிடித்தபடி, அதையும் சொன்னான்.