ஆஸ்டின் நகரம் நமக்காகச் செய்யும் லாபி: வரி கட்டுபவரின் மதிப்பீடு

ஆஸ்டினைத் தலைநகராகக் கொண்ட அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலச் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், அதுவும் 140 நாள்களே வழக்கமாகக் கூடுகிறது. அந்தக் குறுகிய காலத்தில் எதைக் கேட்பது, எதைத் தடுப்பது என்பதை ஆஸ்டின் நகர்மன்றம் முன்கூட்டியே முடிவு செய்து, சட்டமன்ற நிகழ்ச்சி நிரல் என்ற ஆவணமாக வெளியிடுகிறது. நகராட்சி அலுவலர்களும் ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்ட பரப்புரையாளர்களும் அதை வைத்துக்கொண்டு சட்டமன்ற உறுப்பினர்களைச் சந்தித்து ஆதரவு திரட்டுகிறார்கள்; இதுதான் லாபி. செலவு நம் வரிப்பணம் என்பதால், உணவகத்தை மதிப்பிடுவதைப் போல இந்தச் சேவையையும் மதிப்பிடலாம் என்று தோன்றியது.

ஆவணத்தின் மொழி தெளிவானது. ஆதரிக்கிறோம், எதிர்க்கிறோம் என்று நேராகச் சொல்கிறது. தலைப்புகள் எத்தனை இருந்தாலும் அடிநாதம் ஒன்றுதான்: உள்ளூர் அதிகாரத்தில் கை வைக்காதீர்கள். இது வறட்டுப் பிடிவாதம் அல்ல, பட்ட அனுபவம். 2013இல் நகரம் கொண்டுவந்த பிளாஸ்டிக் பைத் தடை, லரேடோ நகரின் இதே போன்ற தடை மாநிலச் சட்டத்தோடு முரண்படுகிறது என்று 2018இல் மாநில உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்போடு முடிவுக்கு வந்தது. ஊபர் போன்ற செயலிவழி வாடகைக் கார் ஓட்டுநர்களுக்குக் கைரேகைச் சோதனை வேண்டும் என்று 2016இல் வாக்காளர்களே முடிவு செய்தும், மறு ஆண்டே சட்டமன்றம் அந்த அதிகாரத்தை மாநிலத்துக்கு மாற்றிக்கொண்டது. 2023இல் வந்து, எதிர்ப்பாளர்களால் ‘டெத் ஸ்டார்’ என்று அழைக்கப்பட்ட எச்.பி. 2127 சட்டமோ (பல துறைகளில் மாநிலச் சட்டத்தை மீறி நகரங்கள் விதி போடுவதைத் தடுப்பது), கட்டுமானத் தொழிலாளர்களுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிட ஓய்வு என்ற 2010ஆம் ஆண்டின் நகர விதியையும் கேள்விக்குள்ளாக்கியது.

இவற்றைவிட நம் பையைத் தொடுவது சொத்துவரி. 2019இல் நிறைவேறிய சட்டத்தின்படி, ஏற்கெனவே உள்ள சொத்துகளிலிருந்து வரும் பராமரிப்புச் செலவுக்கான வரி வருவாயை ஆண்டுக்கு 3.5 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் நகரம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். முன்பு இந்த வரம்பு 8 விழுக்காடு. 2025இல் அதை இன்னும் இறுக்க முயன்ற மசோதா நிறைவேறவில்லை. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் நகரம் கூடுதல் வரி கேட்டபோது ஆஸ்டின் வாக்காளர்களே மறுத்துவிட்டார்கள். சொந்த ஊரார் மறுத்த பின், வரம்பை இறுக்காதீர்கள் என்று நகரத்தின் பரப்புரையாளர் எந்த முகத்தோடு பேசுவார் என்பது எனக்கு இன்னும் விளங்காத புதிர்.

சேவையின் பலனை அளப்பதுதான் கடினம். 2020இல் வாக்காளர்கள் ஒப்புதல் தந்த ரயில் திட்டத்தின் நிதி ஏற்பாட்டை முடக்கக்கூடிய மசோதாக்கள் 2023இலும் 2025இலும் நிறைவேறாமல் போயின. 2023இன் மசோதா, கீழவையின் நடைமுறை விதி குறித்த ஓர் ஆட்சேபத்தில் விழுந்தது. அதில் நாம் பணம் கொடுத்த பரப்புரைக்கு எவ்வளவு பங்கு என்று எந்த ரசீதும் சொல்லாது. வரிப்பணத்தில் லாபி செய்வதையே தடுக்க 2019இல் வந்த மசோதா மேலவையில் தேறி, கீழவையில் தோற்றதை நினைத்தால், இந்தச் சேவை தன்னைக் காத்துக்கொள்ளவும் உழைக்க வேண்டியிருக்கிறது.

என் முதன்மையான குறை, எதை விட்டுக்கொடுக்க நகரம் தயார் என்பதை ஆவணம் சொல்லாததுதான். பேரம் பேசப் போகிறவர் சீட்டைத் திறந்து காட்ட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆயினும் ஐந்து கோரிக்கைகளை மட்டும் தனியே எடுத்து முதலில் வைப்பதில் எந்த இரகசியமும் போய்விடாது. ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன்.

நேரில் கருத்துச் சொல்ல விரும்புவோர், நகர மன்றக் கட்டடத்திலிருந்து காங்கிரஸ் அவென்யூ வழியாக இருபது நிமிடம் நடந்தால் சட்டமன்றம் கூடும் கேபிடல் கட்டடத்தை அடையலாம். மசோதாக்களை விசாரிக்கும் குழுக்களின் அறைகள் பல தரைக்கடியில் இருக்கின்றன. அங்குள்ள பதிவுத் திரையில் மசோதாவின் எண்ணைத் தேர்ந்தெடுத்தால் ஆதரவு, எதிர்ப்பு, ‘மசோதா குறித்து’ என மூன்றே வாய்ப்புகள் வரும். மூன்றாவது எந்தப் பக்கமும் சாராமல் தகவல் மட்டும் சொல்ல வருபவர்களுக்கானது. தயக்கத்தில் அதைத் தொட்டுவிட்டால் உங்கள் எதிர்ப்பு கணக்கில் வராது. அடுத்த கூட்டத்தொடர் 2027 ஜனவரி 12 அன்று தொடங்குகிறது. நிரலில் ஒரு வரியையாவது மாற்ற வேண்டும் என்று நினைப்பவர்கள் அதுவரை காத்திராமல், நகர்மன்றம் நிரலை ஏற்பதற்கு முன்பே அதன் கூட்டத்தில் பெயர் கொடுத்துப் பேசிவிடுவது நல்லது.