டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு, ஒரு பெரிய பில்

அக்கா பையன் பெரம்பூரிலிருந்து போன் செய்தான். நான் வைத்திருக்கும் அதே மாடல், அதே ஆட்டோமேட்டிக், 2021 வண்டி, கொளத்தூரில் ஒருவர் விற்கிறாராம். "மாமா, ரேட்டு செமையா இறங்கியிருக்கு, எடுத்துடட்டுமா?" என்றான். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி குறைந்த பிறகு புது வண்டிகளோடு சேர்ந்து பழைய வண்டிகளும் விலை இறங்கியது உண்மைதான். ஆனால் இந்த மாடல் அதற்கு முன்பே இறங்கத் தொடங்கிவிட்டது, அதுவும் ஆட்டோமேட்டிக் மட்டும். போனில் சொல்ல ஆரம்பித்தால் நான் கத்துவேன், அவன் பயந்துவிடுவான். அதனால் எழுதுகிறேன். இதே வண்டியை யோசிப்பவர்களுக்கும் உதவும்.

மைலேஜ், டிக்கி அளவு, ஏர்பேக் எத்தனை என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல வேண்டியது கியர்பாக்ஸ் பற்றி. நன்றாக ஓடும்போது இந்த ஏழு கியர் டூயல் கிளட்ச் மாதிரி ஒரு சுகம் வேறு எந்த வண்டியிலும் நான் பார்க்கவில்லை. செங்குன்றம் தாண்டி கல்கத்தா ஹைவேயில் ஏறி, சூளூர்பேட்டை செங்காளம்மன் கோவில் வரை போய்ப் பாருங்கள். எந்த கியரில் இருக்கிறோம் என்பதே தெரியாது. லாரியை ஓவர்டேக் செய்ய மிதித்தால், நாம் நினைத்து முடிப்பதற்குள் கியர் இறங்கியிருக்கும். ஒரு கிளட்ச் ஒற்றைப்படை கியர்களைப் பிடித்திருக்க, இன்னொன்று அடுத்த இரட்டைப்படை கியரைத் தயாராக வைத்திருக்கும் ஏற்பாடு அது. பாடியும் சும்மா சொல்லக் கூடாது. காசிமேட்டு உப்புக் காற்றிலும் மணலி கரிப்புகையிலும் நான்கு வருடத்துக்கு மேல் வெயிலில் நின்ற வண்டி, ஒரு துருப்புள்ளி இல்லை. கதவை மூடினால் வரும் சத்தம் இன்றைக்கும் ஷோரூமில் கேட்ட அதே சத்தம்.

பிரச்சினை ஹைவேயில் இல்லை, நான் தினமும் ஓட்டும் சாலையில். வீடு தண்டையார்பேட்டை, வேலை பாரிமுனையில், சுங்கத்தில் சரக்கை விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்சி ஆபீஸ். அடிக்கடி துறைமுகத்துக்கும் எண்ணூர் பக்கத்து கன்டெய்னர் யார்டுகளுக்கும் போக வேண்டும். எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர் வரிசையைப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்கத் தேவையில்லை. அதன் ஓரமாக ஊர்ந்து போவதுதான் நம் பயணம். நான்கு அடி நகர்ந்து நிற்க வேண்டும், மறுபடி மூன்று அடி.

இந்த கியர்பாக்ஸில் இருப்பது டிரை கிளட்ச், அதாவது குளிர்விக்க எண்ணெய் இல்லாத வகை. ஊர்ந்து போகும்போதெல்லாம் கிளட்ச் முழுசாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். மேனுவல் வண்டியில் பாதி கிளட்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிற மாதிரிதான் இது. வித்தியாசம், இங்கே நம் காலுக்குப் பதில் மெக்கட்ரானிக் என்ற ஒரு பெட்டி அந்த வேலையைச் செய்கிறது. அதற்குள் ஒரு சின்ன ஹைட்ராலிக் பம்ப், அழுத்தத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு அக்யூமுலேட்டர், மின்சாரத்தில் திறந்து மூடும் சொலினாய்டு வால்வுகள், ஒரு எலக்ட்ரானிக் போர்டு எல்லாம் ஒன்றாக இருக்கும். அழுத்தம் போனால் கிளட்ச் இரண்டும் பிடிக்காது. இன்ஜின் ஓடும், வண்டி ஓடாது.

அதுதான் நடந்தது. காசிமேட்டுக்குக் கிட்டே, சாயங்கால நேரம், நடு லேனில். மீட்டரில் டி என்ற எழுத்து மின்ன ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் மட்டும் ஏறுகிறது. ரிவர்ஸ் போட்டாலும் அதே கதை. பின்னால் நாற்பது அடி டிரெய்லர் ஒன்று ஏர்ஹார்னை விடவே இல்லை. கடைசியில் அந்த வண்டி கிளீனர் இறங்கி வந்து, கண்ணாடியைத் தட்டி, "இன்னா சார், கியர் வுழலியா?" என்றான். ஓரமாகத் தள்ளியதும் அவன்தான், ரெக்கவரி வண்டி வரும்வரை பின்னால் செங்கல் வைத்து வண்டிகளைத் திருப்பிவிட்டதும் அவன்தான். கம்பெனியின் இருபத்து நான்கு மணி நேர உதவி எண்ணில் அப்போதும் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டார்கள். மெக்கட்ரானிக் போய்விட்டது என்றார்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டி முடிந்து அதிக நாள் ஆகவில்லை. முழு யூனிட்டாகத்தான் வரும், உள்ளே இருக்கும் சின்னப் பாகத்தைத் தனியாகத் தர மாட்டார்கள். எஸ்டிமேட்டில் யூனிட் மட்டும் 1,25,000, அதற்கு 28 சதவீத ஜிஎஸ்டி 35,000, லேபர் தனி. சரி, வயிறு எரிந்தது. ஆனால் இன்றுவரை ஆறாதது அந்தத் தொகை இல்லை, அடுத்து அவர்கள் கேட்ட கேள்வி.

"எந்த ஏரியா சார்? தண்டையார்பேட்டையா? மிக்ஜாம்ல தண்ணி ஏறிச்சா?"

2023 டிசம்பர் புயல் அது. எங்கள் பக்கம் தண்ணீர் நின்றதும், எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் கறுப்பாகப் புகுந்ததும் ஊருக்கே தெரியும். என் வண்டி அன்று மேம்பாலத்தின் மேல் நின்றது. சொன்னேன். நம்பவில்லை. என் கண் முன்னாலேயே கால்மிதி மேட்டைத் தூக்கி, கார்பெட்டைப் பிரித்து, சீட் தண்டவாளத்து போல்ட்டுகளை டார்ச் அடித்துப் பார்த்தார்கள். சேற்றுக் கோடு எங்கேயும் இல்லை. அப்புறம் அந்த அட்வைசர் தம்பி குரலைத் தாழ்த்திச் சொன்னது: "தண்ணி பூந்துச்சுன்னு எழுதிக் கொடுத்தா இன்சூரன்ஸ்ல போட்டுப் பார்க்கலாம் சார்." மோட்டார் பாலிசியில் இயந்திரக் கோளாறுக்குப் பணம் கிடையாது, வெள்ளத்துக்கு உண்டு. அவன் எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தான். ஆனால் நான் அப்படிக் கையெழுத்துப் போட்டால் வண்டி வெள்ளத்தில் மூழ்கிய வண்டி ஆகிவிடும், நான் பொய் சொன்னவன் ஆகிவிடுவேன், பாகம் மட்டும் குற்றமற்றது ஆகிவிடும். முடியாது என்றேன்.

கம்பெனிக்கு மெயில் போட்டேன். வந்த பதிலின் சாரம்: பாகத்தில் குறை இல்லை, கடுமையான நெரிசலில் தொடர்ந்து ஓட்டியதால் வந்த தேய்மானம். அதாவது என் ஏரியாதான் குற்றவாளி. முதலில் வெள்ளம் என்றார்கள், அது எடுபடவில்லை என்றதும் டிராஃபிக். இதே வண்டியை என்னிடம் விற்றபோது ஷோரூமில் என்ன சொன்னார்கள்? "சிட்டி டிராஃபிக்குக்குன்னே பண்ணது சார், இடது காலுக்கு வேலையே இல்லை." அப்போது என் பின்கோடைக் கேட்டு, "தண்டையார்பேட்டையா? வேண்டாம் சார், மேனுவல் எடுங்க" என்று யாரும் சொல்லவில்லை. நெரிசலைத் தாங்காத பாகம் என்றால் அதை அங்கேயே எழுதி ஒட்ட வேண்டியதுதானே? டிரெய்லர் ஓடாத சென்னையில் மட்டும் ஓட்டவும் என்று.

அப்புறம் குட்வில் என்று ஒன்று வந்தது, வாரண்டி முடிந்த பிறகும் கம்பெனி சலுகையாகத் தருவது. யூனிட் விலையில் 40 சதவீதம் தள்ளுபடி. நிபந்தனை இரண்டு. இனிமேல் இது பற்றிக் கேட்க மாட்டேன் என்று ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கழற்றிய பழைய யூனிட்டைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும்.

இந்த இரண்டாவது நிபந்தனையைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். டெக்னீஷியன் நல்ல பையன். யூனிட்டைக் கழற்றிய அன்று கூப்பிட்டுக் காட்டினான். அக்யூமுலேட்டர் திருகி உட்காரும் அலுமினிய வார்ப்பில், மரைக்குப் பக்கத்தில், மயிரிழை மாதிரி ஒரு விரிசல். அதன் வழியாக எண்ணெய் கசிந்து கறுப்பாகப் படிந்திருந்தது. விரலால் தடவினால் நகம் மாட்டியது. கிளட்ச் தட்டு தேய்ந்தால் டிராஃபிக் என்று சொல்லலாம், ஒத்துக்கொள்கிறேன். வார்ப்பு உலோகம் வெடித்ததற்கு நான் என்ன செய்ய முடியும்? அந்த யூனிட் கம்பெனி கைக்குப் போய்விட்டால் அப்புறம் விரிசல் என்று நான் சொல்வது வெறும் வாய்வார்த்தை.

எங்கள் தொழிலில் சுங்க வரியில் தகராறு வந்தால், சரக்கு துறைமுகத்தில் நின்று டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறாமலிருக்க, ஆட்சேபத்தோடு வரியைக் கட்டிச் சரக்கை எடுத்துவிடுவோம். ரீஃபண்ட் கேட்க ஒரு வருடக் கெடு உண்டு, ஆட்சேபத்தோடு கட்டிய வரிக்கு அந்தக் கெடு கிடையாது. கார் ரிப்பேருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்பது தெரியும். ஆனாலும் பில்லின் மேல் "ஆட்சேபத்துடன் செலுத்தப்படுகிறது, உரிமை எதையும் விட்டுக்கொடுக்கவில்லை" என்று எழுதி, தேதி போட்டு, அவர்களிடம் முத்திரை வாங்கிக்கொண்டு முழுப் பணத்தையும் கட்டினேன். குட்வில் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு யூனிட்டைத் தெர்மகோல் பெட்டியில் வைத்துச் சீல் செய்து வீட்டுக்கு எடுத்து வந்தேன். "கிட்டத்தட்ட அறுபதாயிரத்த விட்டுட்டு பழைய இரும்பத் தூக்கினு வந்திருக்கீங்களே" என்று வீட்டில் அர்ச்சனை. நியாயம்தான்.

இதில் ஒரு வேடிக்கை. பாகம் வெளிநாட்டிலிருந்து வரத் தாமதமானதால் பில் போடும்போது செப்டம்பர் 22 தாண்டிவிட்டது. உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம் ஆனதில் 12,500 ரூபாய் மிச்சம். எந்த நிபந்தனையும் இல்லாமல் எனக்குக் கிடைத்த ஒரே தள்ளுபடி அரசாங்கம் கொடுத்ததுதான்.

வண்டியை எடுத்த மறுநாள் போன். "எங்க சர்வீஸுக்குப் பத்துக்குப் பத்து குடுங்க சார், ஒம்பது குடுத்தா எங்க இன்சென்டிவ் போயிடும்." அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேலை சுத்தமாகச் செய்திருந்தார்கள், புது யூனிட்டை கிளட்சுக்குப் பழக்கும் அடாப்டேஷன் ஓட்டம் கூட இரண்டாம் முறை பார்த்துச் சரி செய்து கொடுத்தார்கள். பத்து கொடுத்தேன். அந்தப் பத்தைக் கம்பெனி தன் கணக்கில்தான் எழுதிக்கொள்ளும் என்று நினைத்தால் மறுபடி எரிகிறது.

சட்ட விஷயம் கொஞ்சம் சொல்கிறேன், தேவைப்படுபவர்கள் வைத்துக்கொள்ளலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தயாரிப்புப் பொறுப்பு என்று தனி அத்தியாயம் இருக்கிறது. அதைப் படித்துத் துள்ளினேன். வக்கீல் நண்பர் தண்ணீர் ஊற்றிவிட்டார். அதில் பொருளுக்கே ஏற்படும் சேதம் சேராது, அந்தப் பொருளால் ஆளுக்கோ வேறு உடைமைக்கோ ஏற்படும் தீங்குதான் கணக்கு. நம் கேஸ் குறையுள்ள பொருள் என்ற தலைப்பில்தான் வரும். வாங்கிய விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம் போதும். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கம்பெனி தலைமையகம் எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், ஆன்லைனிலும் முடியும். 10 முதல் 20 லட்சத்துக்குள் வாங்கிய வண்டிக்குக் கட்டணம் 400 ரூபாய். நிபுணர் அறிக்கை கேட்பார்கள், அதற்குத்தான் அந்தத் தெர்மகோல் பெட்டி. அதோடு 2021-லிருந்து மோட்டார் வாகனச் சட்டத்தில் ரீகால் பிரிவு, அதாவது குறையுள்ள வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைக்க வைக்கும் பிரிவு, அமலில் இருக்கிறது. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டி என்றால் அரசின் தளத்தில் புகார் பதியலாம். விற்பனையைப் பொறுத்து குறிப்பிட்ட அளவு புகார் சேர்ந்தால்தான் அசையும். தயவு செய்து பதியுங்கள். நடு லேனில் டிரெய்லருக்கு முன்னால் வண்டி நிற்பது பாதுகாப்புப் பிரச்சினை இல்லாமல் வேறு என்ன?

இப்போது தீர்ப்பு. ஆட்டோமேட்டிக் வேண்டாம்டா தம்பி. அந்தக் கொளத்தூர்க்காரர் மெக்கட்ரானிக் மாற்றிய பில் காட்டினால், அதுவும் மாற்றிய யூனிட்டுக்கு வாரண்டி பாக்கி இருந்தால், அப்போது பேசு. இல்லையென்றால் எவ்வளவு குறைத்தாலும் அந்தக் குறைப்பு ஒருநாள் சர்வீஸ் சென்டரில் பில்லாக வரும். மேனுவல் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடு. நான் என்னுடையதை விற்கப் போகிறேனா என்றால், இல்லை. போன வாரம் கூட கும்மிடிப்பூண்டி வரை போய்வந்தேன், திரும்பும்போது ஒரு காரணமும் இல்லாமல் கவரைப்பேட்டையில் யு-டர்ன் போட்டு இன்னொரு ரவுண்டு ஓட்டினேன். அவ்வளவு நல்ல வண்டி. இந்தக் கம்பெனியிடம் மட்டும் இன்னொரு வண்டி வாங்க மாட்டேன்.

டிரெய்லர் வரிசையில் மாட்டினால் இப்போது நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்துவிடுகிறேன், முன்னால் ஒரு வண்டி நீளம் காலியான பிறகுதான் நகர்கிறேன். நடுவில் ஆட்டோ நுழைந்தால் நுழையட்டும். கேஸ் போட்டாகிவிட்டது. போன வாய்தாவில் கம்பெனி வக்கீல் பதில் மனுவுக்கு இன்னும் அவகாசம் கேட்டார், கொடுத்திருக்கிறார்கள். மனுவில் வெள்ளம் என்று வருமா, டிராஃபிக் என்று வருமா, வந்ததும் எழுதுகிறேன்.